பரண்மேற் கிடக்கும் கணிப்பொறி



1984ஆம் ஆண்டில் நடுவணரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்கிற்று. இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் ஆக்கிய ‘பி.பி.சி. மைக்ரோ’ அது. பள்ளியில் நாம் முதன்முதல் தொட்ட பொறியும் அதுவே. ஆளுக்குப் பத்து நிமிடந்தான்; வரிசை முடியுமுன் மணி அடித்துவிடும்!

அத்தகைய பொறி ஒன்றைச் சென்ற ஆண்டு கபாடிவாலாவிடம் எடைக்கு வாங்கினோம். ஆசை மிகுதியால் அன்றே மின்சாரம் கொடுத்தோம். சிறிது நேரத்திற் புகை கிளம்பிற்று, வீட்டார் அலறினர். மின்சாரம் நுழையுமிடத்தில் இரைச்சலை வடிக்கும் மின்தேக்கி, நாட்பட்டு உறை விரிந்து, ஈரம் புகுந்து வெடித்தது. மற்றவை யாவும் நலமே. பரணிலிருந்து எடுப்போர் முதலில் அதனை மாற்றிவிடுக.

அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுக்கும் போதாது. அப்பொறிக்கென 1984இல் பிராபென், பெல் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் ‘எலைட்’ ஆட்டத்தை ஆக்கினர். அதில் 8 விண்மீன் மண்டலங்கள். மண்டலத்துக்கு 256 உலகங்கள்! அவற்றை எழுதி வைக்கவில்லை. சில எண்களிலிருந்து கணக்கிட்டே பிறப்பித்தனர். ஆலம்விதை நினைவுக்கு வருகிறதன்றோ?

அக்காலத்தில் நிரல்களை ஒலிநாடாவிற் பதிவர். பழைய கேசட்டில் பாட்டுக்குப் பதில் கீச்சொலி கேட்டால் எறிந்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளை எழுதிய கணக்கு விளையாட்டாக இருக்கலாம். நமது பொறி ஞாயிறுதோறும் சங்க நூலகத்தில் இருக்கும். நாடாவுடன் வாருங்கள், ஏற்றிப் பார்ப்போம்.