பிள்ளைகளின் கடுஞ்சினமும் பெற்றோர் கடமையும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



முரட்டுப் பிள்ளைக்குப் பிரம்பே மருந்தென்பது நம்மவருள் பலர் கொள்கை. அஃது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துமாவென்று இன்று ஆராயப் புகுந்தோம்.

அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலில் ஒரு புதிய பிணியைச் சேர்த்தனர். வாரத்துக்கு மூன்று முறையேனும் கடுஞ்சினம் பொங்குதல், இடைக்காலத்தும் எரிச்சலாகவே இருத்தல், இவை ஓராண்டேனும் நீடித்தல், 10 வயதுக்குமுன் தொடங்குதல் ஆகியன அதன் குறிகளுட் சில. முன்னர் இத்தகைய பிள்ளைகள் பலர் எழுச்சியும் சோர்வும் மாறிவரும் வேறு நோயினரெனப் பிழையாகக் கருதப்பட்டனர்.

ஆரிகன் மாகாணத்து ஜெரால்டு பாட்டர்சன் என்னும் அறிஞர், குடும்பங்களை உற்றுநோக்கிக் கண்ட உண்மையை 1982இல் ஒரு நூலாக வெளியிட்டார். பிள்ளை கூச்சலிடத் தாய் தன் கட்டளையைக் கைவிடுகிறாள். கூச்சல் பலிக்குமென்று பிள்ளை கற்கிறது. மற்றொரு நாள் தாய் அதட்டப் பிள்ளை அடங்குகிறது. அதட்டலே வழியென்று தாய் கற்கிறாள். இவ்வாறு இருவர் சினமும் வளர்கிறது.

ஆதலின் சிகிச்சை பெற்றோரையும் சேர்த்தே நடைபெறுகிறது. நற்செயலை உடனே பாராட்டல், கட்டளையைச் சுருங்கச் சொல்லல், சொன்ன சொல்லில் நிற்றல் ஆகியவற்றை அவர்கள் பயில்கின்றனர். சினமெழும் குறிகளை முன்னறிந்து தணிக்கப் பிள்ளை பயில்கிறது.

கவனியாது விடின், இப்பிள்ளைகள் பிற்காலத்தில் மனச்சோர்வுக்கும் ஆளாகக்கூடும். ஆகவே, ஊரார் பழிக்கஞ்சி மறையாது, குழந்தை மனநல வைத்தியரை நாடுமாறு நம் குடும்பத்தார் யாவரையும் வேண்டிக்கொள்கிறோம்.