ஐந்து சான்றும் ஆறாம் எண்ணும்



ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் எச்சமின்றி வகுபடாததைப் பகாவெண் என்கிறோம். பிரெஞ்சு நாட்டுக் கணக்கறிஞர் பெர்மா ஓர் எண்வரிசை கண்டார். ஓர் இரண்டு, ஈரிரண்டு, நான்கு இரண்டு, எட்டு இரண்டு, பதினாறு இரண்டு என இரண்டுகளைத் தம்முள் பெருக்கி ஒன்று கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் பகாவெண்களே. ஆகவே வரிசை முழுமையும் அத்தகையதே என 1640இல் அவர் எழுதினார்; அதனை நிறுவத் தம்மால் இயலவில்லை என்பதையும் மறைத்தாரல்லர். ஐந்து கண்டு ஆறாவதை முடிவு செய்யும் வழக்கம் நமக்கும் புதிதன்று!

ஆறாவது எண் 4294967297. இதனைப் பகாவெண் எனத் துணிய, 65536 வரையுள்ள ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பகாவெண்களால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். யார்தாம் முன்வருவர்? ஆனால், 1732இல் ஆய்லர் இவ்வெண் பகுபடும் என்று காட்டினார். இதனை வகுக்கும் பகாவெண் எதுவாயினும், 64ஆல் வகுக்க எச்சம் ஒன்றே தரும் என்பதையும் பின்னர் அவரே நிறுவினார். அத்தகைய பகாவெண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடரும். முதல் நான்கும் வகுக்கா. ஐந்தாவது வகுக்கும்! 641ஐ 6700417ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

அதற்கப்பால் இவ்வரிசையில் ஒரு பகாவெண்ணும் இதுகாறும் அகப்படவில்லை. கணிப்பொறிகள் வந்தும், இனி ஒன்று உண்டா, இல்லையா என எவரும் நிறுவினாரல்லர்.