எவ்வளவு நீர், எவ்வளவு விரைவாக?

மும்பையின் தாராவியிலோ மாட்டுங்காவிலோ வாழும் தமிழ்த் தாய் ஒருத்தி, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நள்ளிரவில் ஓடுகின்ற இடம், பெரும்பாலும் சயான் மாநகராட்சி மருத்துவமனையாகவே இருக்கும். கைகால் சில்லிட்டு நாடி தளர்ந்த அத்தகைய சிசுவுக்கு உப்பு நீரை இரத்த நாளத்தில் விரைந்து செலுத்த வேண்டும் என்பது, வைத்திய சாஸ்திரம் நெடுங்காலம் ஐயமின்றிப் போதித்துவந்த விதி.

எவ்வளவு விரைவாக என்ற வினாவை, சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் இந்துமதி சந்தானமும் சகாக்களும் எழுப்பி, கிருமித் தொற்றால் அதிர்ச்சி நிலையடைந்த 147 குழந்தைகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, அதிவேகத்தால் மரணம் குறையவில்லை என்று 2008-இல் வெளியிட்டனர். பின்னர் உகாண்டா, கென்யா, தான்சானியா தேசங்களில் நிகழ்ந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2011-இல் வெளிவந்து, பண்டிதர்களைத் திடுக்கிட வைத்தது: திரவத்தை விரைவாகப் பெற்ற குழந்தைகளில் 100-க்குப் பத்துப் பேருக்கு மேல் 48 மணி நேரத்துக்குள் மாண்டனர், அவ்வாறு பெறாதவர்களிலோ ஏழு பேர்.

செயற்கைச் சுவாசக் கருவி அரிதான ஊர்களின் முடிவை மும்பைக்கு அப்படியே பொருத்துவது விவேகமன்று. ஆயினும், ஒவ்வொரு அளவு செலுத்திய பின்னும் கல்லீரல் பெருத்ததா, மூச்சு இரைக்கிறதா எனத் தொட்டும் கேட்டும் அறியும் பயிற்சி, எந்தக் கருவியைக் காட்டிலும் இளம் மருத்துவருக்கு அவசியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று அவர் கேட்டால், சலிப்புறாமல் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அவருடைய கணக்குக்கு அதுவும் வேண்டும்.