ஊரை விட்டோம், சேரி விடவில்லை



கிராமம் குறுகிய மனத்தின் கிடங்கு என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் சாடினார் பாபாசாகேப். ஊரை விட்டு வெளியேறுங்கள் என்றும் நம்மிடம் சொன்னார். அதை நம்பியும், கூலி போதாமலும் நம் பிள்ளைகள் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். நகரம் அவர்கள் மனத்தை என்ன செய்திருக்கிறது?

என் சித்தி கூவம் கரையில் முப்பது ஆண்டுகள் இருந்தார். இப்போது நகரின் ஓரத்தில், ஏழாவது மாடியில். "அங்க குடிசதான். ஆனா கூப்பிட்டா பத்து பேரு ஓடியாருவாங்க. இங்க கதவச் சாத்திக்கினா செத்தாலும் தெரியாது" என்கிறார். இரவில் தூக்கமில்லை, மாத்திரை போடுகிறார்.

நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, கிராமங்களைவிடப் பெருநகரங்களில் மனநலப் பாதிப்பு அதிகம் என்றது. நெரிசலும் இரைச்சலும்தான் காரணம் என்று அதைச் சுருக்கிவிடுகிறார்கள். கூவம் கரையிலும் நெரிசல் இருந்தது, உறவும் இருந்தது.

2000இல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்தின் எட்டுமாடி வரிசைகள். இடம் மாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். பாத்திரம் தேய்த்த வீடும், கடன் கொடுத்த கடையும், குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆயாவும் ஒரே நாளில் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டன. பள்ளி ஆண்டின் நடுவிலேயே பிள்ளைகள் பெயர்க்கப்பட்டார்கள். வேலை கேட்டுப் போகிற இளைஞன் 'கண்ணகி நகர்' என்றதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது. ஊரில் தெருப்பெயர் சொன்னால் மாறிய அதே முகம்தான். முகவரியை மறைத்தே வாழ்பவனுக்கு மனம் எப்படி நிம்மதியாக இருக்கும்?

மருத்துவர் வேண்டும், மாத்திரையும் வேண்டும். 2017 மனநலச் சட்டம் அதை நம் உரிமை என்றே சொல்கிறது. கேட்டு வாங்குவோம். ஆனால் ஊருக்கு வெளியே சேரி வைத்த புத்தி நகரத்துக்கு வெளியே கட்டடம் வைக்கும்போது, வருகிற நோயை மட்டும் அவரவர் பலவீனம் என்று ஏற்க முடியாது. வேலை இருக்கும் இடத்தருகே வீடு கொடு, பெயர்ப்பதற்கு முன் எங்களைக் கேள் என்பதும் மனநலக் கோரிக்கைதான்.

எழுதுகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சேரிகளை எழுதினோம். ஏழாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர்களையும் எழுதுங்கள். அதற்கு முன் ஒருமுறை போய்க் கதவைத் தட்டுங்கள்.

ஜெய்பீம்.