எல்லைக்கோடும் நகர வளர்ச்சியும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வளரும் புதுநகரங்களைப் பழைய தொழில் நகரங்களோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கருத்தரங்கின் நோக்கமாகும். எஃகும் மோட்டார் வாகனமும் வளர்த்தெடுத்த டெட்ராய்ட், கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க் முதலிய நகரங்கள் அமைந்த வடபகுதி, ஆலைகள் வரிசையாக மூடப்பட்ட பின் ‘துருப்பட்டை’ எனப் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விரைந்து பெருகிய ஹூஸ்டன், பீனிக்ஸ் முதலியவை அமைந்த தென்பகுதியும் தென்மேற்கும் ‘வெயில்பட்டை’ எனப்படுகின்றன. 1950இல் 18.5 லட்சமாக இருந்த டெட்ராய்டின் மக்கள்தொகை 2020இல் 6.4 லட்சமாகச் சுருங்க, அதே காலத்தில் பீனிக்ஸ் ஒரு லட்சத்துச் சொச்சத்திலிருந்து 16 லட்சமாகப் பெருகியது. இவ்வெண்களை மட்டும் அருகருகே நிறுத்தி, ஒன்றைத் தோற்ற நகரமென்றும் மற்றொன்றை வென்ற நகரமென்றும் தீர்ப்பளிப்பது வழக்கமாகிவிட்டது. எண்களுக்கு அடியில் கிடக்கும் எல்லைக்கோட்டைக் கணக்கில் கொள்ளாத அத்தீர்ப்பு நிலைக்கத்தக்கதன்று.

டெட்ராய்டின் எல்லை 1926க்குப் பின் நகரவில்லை. சுற்றியிருந்த ஊர்கள் தனித்தனி நகராட்சிகளாகிவிட்டமையால், ஏறத்தாழ 360 சதுர கிலோமீட்டருக்குள் அந்நகரம் அடைபட்டது. பீனிக்ஸோ, 1950இல் 44 சதுர கிலோமீட்டராக இருந்து, அண்டை நிலங்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டே வந்து, இன்று 1,300 சதுர கிலோமீட்டரைக் கடந்து பரந்துள்ளது. புறநகருக்குக் குடிபெயர்ந்த குடும்பம் டெட்ராய்டில் இழப்பாகவும் பீனிக்ஸில் பெருக்கமாகவும் பதிவாவதற்கு இதுவே முதற்காரணம். டேவிட் ரஸ்க் 1993இல் வெளியிட்ட நூலில், எல்லை விரியும் நகரங்களை நெகிழ்வுடையவை என்றும், விரியாதவற்றை நெகிழ்வற்றவை என்றும் பகுத்தது இதனாலேயே. புறநகர்களையும் சேர்த்துக் கணக்கிடும் பெருநகர வட்டாரத்தை நோக்கினால், 1970இலும் 2020இலும் டெட்ராய்ட் வட்டாரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 44 லட்சமாகவே நிற்பதைக் காணலாம்.

வட்டாரம் நிலைத்திருக்க நகரம் மட்டும் மெலிந்ததற்கு ஆலைமூடல் ஒன்றே காரணமாகாது. கூட்டரசின் வீட்டுக்கடன் உறுதியளிப்பு வெள்ளையர் குடியேறிய புறநகர்களுக்கே பெரிதும் வாய்த்ததால், கறுப்பின மக்கள் நகருக்குள்ளேயே தேக்கப்பட்டனர். இனப்பிரிவினையைக் களையும் பள்ளித் திட்டத்தில் டெட்ராய்டின் புறநகர்களைக் கட்டாயமாகச் சேர்க்க முடியாதென 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நிர்வாகக் கோடு சமூக மதிலாகவும் இறுகியது. அக்கோட்டுக்கு வெளியே வேலையும் வரியும் சென்றன. உள்ளே கடமைகள் தங்கின. 18 லட்சம் பேருக்கெனப் புதைத்த குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும், மக்கள் குறைந்ததற்கேற்ப நீளம் குறைவதில்லை. பத்து வீடுகள் இருந்த தெருவில் மூன்றே எஞ்சினாலும் முழுத்தெருவின் குழாயையும் பேணியாக வேண்டும். அச்சுமையோடு ஓய்வூதியப் பொறுப்புகளும் திரண்டு, 2013 ஜூலையில் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு அந்நகரம் திவால்நிலையை அறிவிக்க நேர்ந்தது.

புதுநகரங்களின் ஆக்கமும் தானாக விளைந்ததன்று. குளிர்சாதனம் பாலைநிலத்தைக் குடியிருக்கத்தக்கதாக்கியது. 1968இல் கூட்டரசு இசைவளித்த கால்வாய், கொலராடோ ஆற்றுநீரை மேட்டுக்கு ஏற்றி, 540 கிலோமீட்டர் தொலைவுக்கு அரிசோனாவினுள் கொண்டுசெல்கிறது. ஆயினும் பீனிக்ஸைச் சூழ்ந்த பகுதியில் நிலத்தடி நீரை மட்டுமே நம்பும் புதிய குடியிருப்பு மனைப்பிரிவுகளுக்கு 2023இல் அம்மாநிலம் தடைவரம்பு விதித்தது. 2017இல் ஹார்வி புயல்மழை, ஹூஸ்டன் அகலப் பரந்ததன் விலையை வெள்ளமாகக் காட்டியது. புதுநகரங்களில் பெரும்பகுதி இன்னும் முதல் தலைமுறைக் குழாய்களிலும் சாலைகளிலும் வாழ்கிறது. அவற்றைப் புதுப்பிக்கும் செலவு இனிமேல்தான் வரவிருக்கிறது. மறுபுறம், 1950இன் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இழந்த பிட்ஸ்பர்க், பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் பற்றுக்கோடாகக் கொண்டு எஃகுக்குப் பிந்தைய வாழ்வைத் தேடிக்கொண்டது.

ஆகவே, நகரத்தை அதன் வட்டாரத்தோடும், ஒரு நகரத்தின் இளமையை மற்றொன்றின் இளமையோடும் ஒப்பிடுவதே நேர்மையான முறையாகும். தலைகளை எண்ணுவதோடு ஆய்வு நின்றுவிடாமல், வளர்ச்சியின் பயன் எவரைச் சேர்ந்தது, தேய்வின் சுமை எவர்மீது விழுந்தது என்பதையும் வினவ வேண்டும். விட்டுப்போக வழியின்றி டெட்ராய்டில் தங்கிய மக்களுக்கு ஆய்வுலகம் பட்டிருக்கும் கடன் அது. இங்குப் படிக்கப்படும் கட்டுரைகள் அக்கடமையை நிறைவேற்றும் என்ற நம்பிக்கையோடு கருத்தரங்கு தொடங்கப்பெறுகிறது.