கடலோர அடுக்குமாடி: யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?



நம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். சங்குமுகம் கடற்கரையின் மாலைக் காற்றை அனுபவித்தவர்களுக்கு, கடலைப் பார்த்தபடி ஒரு பிளாட் வாங்கினால் என்ன என்ற ஆசை வராமல் இருக்காது. அந்த ஆசையில் தவறில்லை. காற்றும் வெளிச்சமும் விரிந்த வானமும் நிஜமான சுகங்கள். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களை விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏற ஏறக் கம்பி பருக்கும். மேலே உள்ள கான்கிரீட் வெடித்து உதிரும். எனவே பராமரிப்புச் செலவு மற்ற இடங்களைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இரண்டாவது, சட்டம். கொச்சி மரடில் காயலோரமாக எழுந்த 4 அடுக்குமாடிக் குடியிருப்புகள் கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கே வீடு வாங்கியவர்கள் குடியிருந்த இடத்தையே இழந்தார்கள். அனுமதிப் பத்திரங்களைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இது வாங்குகிறவரின் கணக்கு. கடற்கரையிலேயே பிறந்தவர்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. நம் நகரின் வலியதுறையில் கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் பள்ளிக்கூடத்திலும் பழைய சிமெண்டுக் கிடங்கிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. அலையிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் 18,685 குடும்பங்களை இடம் மாற்றுவதற்காகக் கேரள அரசு 2,450 கோடி ரூபாயில் புனர்கேகம் திட்டத்தைக் கொண்டுவந்தது. தனியாக வீடு கட்டிக்கொள்ள ஒரு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். அதற்கு முன்பே, 2018 அக்டோபரில், நம் நகரின் முட்டத்தறையில் 192 பிளாட்டுகள் மீனவர்களுக்குத் தரப்பட்டன. 2025 ஆகஸ்டில் அங்கேயே இன்னும் 332.

வசதி உள்ளவர் காசு கொடுத்துக் கடலருகே வருகிறார். மீனவருக்கோ நாம் காசு கொடுத்துக் கடலை விட்டுத் தள்ளிப்போகச் சொல்கிறோம்.

முட்டத்தறையில் கிடைத்தது பெரிய நிம்மதி. மழை இரவில் அலை உள்ளே வருமோ என்று பயந்து விழித்திருக்க வேண்டாம். பிள்ளைகள் நிம்மதியாகப் படிக்கலாம். ஆனால் மீனவருக்கு வீட்டு முற்றம் என்பது தொழிற்கூடமும்தான். வலை பழுது பார்ப்பதும் மீன் உலர்த்துவதும் அங்கேதான். மாடிப்படியில் படகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு ஏற முடியுமா? விடியுமுன் கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பார்த்துத் தொழிலுக்குப் போகலாமா என்று முடிவெடுப்பவருக்கு, கடல் கண்ணில் படாத வீடு நட்டம்தான். மகனுக்குத் திருமணமானால் பக்கத்தில் ஓர் அறை இழுத்துக் கட்டவும் அங்கே வழியில்லை.

அதற்காகப் பிளாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிக்கும் கரையில் மனிதர்களை விட்டுவைப்பது கொடுமை. வீட்டுச் சாவியோடு மூன்று ஏற்பாடுகளையும் சேர்த்துக் கொடுங்கள் என்றே கேட்கிறேன்: கரையில் வலையும் எஞ்சினும் வைக்கப் பூட்டுள்ள கொட்டகை, விடிகாலையில் கடலுக்கும், மீன் விற்கும் பெண்கள் கூடையோடு சந்தைக்கும் போய்வர வண்டி, உப்புக்காற்றில் கட்டடம் சிதையாமல் காக்க நிரந்தரப் பராமரிப்பு நிதி. சாலைச் சந்தையில் மீன் வாங்கிச் சமைக்கும் நாமும் இதைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் தொழில் நின்றால் இழப்பு நமக்கும்தான்.