வைரஸ் மாதிரி யாருக்குச் சொந்தம்?

பறவைக் காய்ச்சல் கண்ட நோயாளியின் தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுக்கப்படும் சளி, சிறு குப்பியில் அடைக்கப்பட்டு, கசியாத உறைகளுக்குள் பொதியப்பட்டு, குளிர் குறையாமல் கடல் கடந்து, அயல்நாட்டு ஆய்வகமொன்றை அடைகிறது. அங்கே பிரித்தெடுக்கப்படும் வைரஸே பின்னர் தடுப்பூசிக்கு விதையாகிறது. அந்தத் தடுப்பூசிக்குக் காப்புரிமையும் விலையும் உண்டு. சளியைக் கொடுத்த நோயாளிக்கும் அவருடைய நாட்டுக்கும் அதில் என்ன பங்கு என்பதற்கு நெடுங்காலம் விடையே இருக்கவில்லை.

இக்கேள்வியை உலக நாடுகளின் முன் வலுவாக எழுப்பியது இந்தோனேசியா. எச்5என்1 எனப்படும் பறவைக் காய்ச்சல் வைரஸ் 2005 முதல் அந்நாட்டு மக்களைத் தாக்கியது. நோய் உறுதிசெய்யப்பட்டவர்களில் பெரும்பாலோர் இறந்தனர். உலக சுகாதார நிறுவனம் 1952 முதல் நடத்திவரும் இன்ஃபுளுவென்சா கண்காணிப்பு வலையமைப்புக்கு இந்தோனேசியா தன் மாதிரிகளை விலையின்றி அனுப்பிவந்தது. அந்த வைரஸைக் கொண்டு ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி உருவாக்கிவருவது தெரியவந்தபோது, அதை வாங்கும் வரிசையில் செல்வந்த நாடுகளே முன்னே நிற்கும் என்பதை உணர்ந்த சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி, மாதிரிகளை அனுப்பப்போவதில்லை என்று 2007இல் அறிவித்தார். உயிரியல் வளங்கள்மீது அந்தந்த நாட்டுக்கே இறையாண்மை உண்டு என்று கூறும் 1992ஆம் ஆண்டின் உயிரியல் பன்மய உடன்படிக்கை அவருடைய வாதத்துக்குத் துணைநின்றது.

மாதிரியைத் தடுத்துவைப்பது ஆபத்தானது என்பதில் ஐயமில்லை. வைரஸ் எப்படி மாறுகிறது என்பதை அறியாத உலகம் இந்தோனேசியரையும் சேர்த்தே பலிகொடுக்க நேரும். ஆயினும், வைரஸைப் பகிர்வதைக் கடமை என்றும், அதிலிருந்து பிறந்த தடுப்பூசியைச் சரக்கு என்றும் வகுத்த ஏற்பாட்டில்தான் முதல் அநீதி இருந்தது.

நான்காண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 2011இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்வை ஏற்றது. அதன்படி, வலையமைப்பிலிருந்து மாதிரி பெறும் நிறுவனம் ‘பொருள் கைமாற்ற ஒப்பந்தம்’ ஒன்றில் கையெழுத்திட வேண்டும். மாதிரியை எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் சட்டப்பூர்வமான ஆவணம் அது. பெருந்தொற்று மூளும்போது தடுப்பூசியில் ஒரு பகுதியைக் கொடையாகவோ கட்டுப்படியாகும் விலையிலோ ஒதுக்குவது அதில் ஏற்கத்தக்க கடப்பாடுகளுள் ஒன்று. வலையமைப்பின் நடைமுறைச் செலவில் பாதிக்கு இணையான தொகையைத் தயாரிப்பாளர்கள் ஆண்டுதோறும் செலுத்தவும் வேண்டும். அதுவரை நல்லெண்ணத்தை நம்பியிருந்த நாடுகளுக்குக் கையெழுத்திட்ட தாள் கிடைத்தது பெரும் மாற்றமே.

ஆனால் அத்தீர்வு பெருந்தொற்றாகக்கூடிய இன்ஃபுளுவென்சாவுக்கு மட்டுமே உரியது. அதன் பிடி குப்பிமீதுதான் இறுகியிருந்தது, குப்பியிலிருந்து பெறப்படும் தரவுமீது அன்று. 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணு வரிசை, அதாவது அதன் மரபுச் செய்தி எழுத்துவடிவில், இணையத்தில் வெளியானதும், வைரஸ் மாதிரி கைக்கு வரக் காத்திராமலே தடுப்பூசி வடிவமைக்கப்பட்டது. வரிசை எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. தடுப்பூசியோ ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குக் காலந்தாழ்ந்தே சென்றது.

2025 மே மாதம் ஏற்கப்பட்ட பெருந்தொற்று உடன்படிக்கை இந்த ஓட்டையை அடைக்க முயல்கிறது. பங்கேற்கும் நிறுவனங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் தம் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்வதை இலக்காகக் கொண்டு, மொத்த உற்பத்தியில் குறைந்தது 10 விழுக்காடு கொடையாக அமைய வேண்டும் என்கிறது. நடைமுறை விவரங்கள் தனி இணைப்புக்கு விடப்பட்டன. மரபணு வரிசையைத் தரவிறக்கும் நிறுவனம், குப்பியைப் பெறும் நிறுவனத்தைப் போலவே ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று அந்த இணைப்பு ஐயத்துக்கிடமின்றி எழுதப்படாவிட்டால், 2007இல் ஜகார்த்தா எழுப்பிய கேள்வி அடுத்த நோயின்போது வேறொரு தலைநகரிலிருந்து எழும்.